பணியிடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வங்கிக் கிளை ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்துள்ள இரண்டு இளம் அதிகாரிகளுக்கு வழிகாட்ட விரும்புகிறேன். ஆனால் பகல் முழுவதும் வாடிக்கையாளர் கூட்டம். மாலையில் மண்டல அலுவலகத்துக்கு அறிக்கைகள். உட்கார்ந்து பேச நேரமே கிடைப்பதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தனியாக நேரம் தேட வேண்டாம். எப்படியும் நீங்கள் செய்யப்போகிற வேலைக்கு அவர்களில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மளிகைக் கடைக்காரர் ஒருவர் கடனை உயர்த்தித் தரக் கேட்கிறார், நீங்கள் கள ஆய்வுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுக்கில் உள்ள சரக்கு புதியதா, தூசி படிந்து கிடக்கிறதா, கொள்முதல் ரசீதுகளின் தேதிகள் எப்படி இருக்கின்றன, கணக்கைப் பற்றிக் கேட்டால் உரிமையாளர் பதில் சொல்கிறாரா, மகனைப் பார்க்கிறாரா என்பதையெல்லாம் உங்கள் கண் தானாகவே கவனித்துவிடும். உடன் வந்தவருக்கோ கடைசியில் நீங்கள் இடும் கையெழுத்து மட்டுமே தெரியும். எதைப் பார்த்தீர்கள், எந்த இடத்தில் ஐயம் எழுந்தது, அது எப்படித் தீர்ந்தது என்பதைத் திரும்பி வரும் வழியில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, ஆய்வறிக்கையின் முதல் வரைவை அவரையே எழுதச் சொல்லுங்கள். கடன் மறுக்கப்பட்ட செய்தியை வாடிக்கையாளரிடம் சொல்லும்போதும் அவர் அருகில் இருக்கட்டும், ஏனெனில் மனம் நோகாமல் மறுப்பது எப்படி என்பதை எந்தச் சுற்றறிக்கையும் கற்றுத் தருவதில்லை.

மருத்துவக் கல்வியில் இதற்குப் புகழ்பெற்ற முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தலைமை மருத்துவராக இருந்த வில்லியம் ஆஸ்லர், மாணவர்களை விரிவுரை மண்டபத்தோடு நிறுத்திவிடாமல் நோயாளியின் படுக்கையருகே அழைத்துச் சென்றார். நோயாளிகளைப் பார்த்து வருவது எப்படியும் அவருடைய அன்றாடக் கடமைதான். அந்தக் கடமையையே அவர் வகுப்பாக்கிக்கொண்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "என்ன செய்யட்டும் மேடம்?" என்று வருகிறவரிடம் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பது நல்ல பழக்கம் என்று எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் சொல்கிறார்கள். கவுன்ட்டரில் பத்துப் பேர் காத்திருக்கும்போது அப்படிக் கேட்பது, என் கருத்தில், வழிகாட்டலே ஆகாது, வெறும் தொல்லை. அப்போது நேரான விடையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, காரணத்தை ரொக்கக் கணக்கு முடிந்த பிறகு பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். இளையவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தால் தவறு செய்துவிடுகிறார்கள். நிர்வாகத்திடம் நான்தான் பேச்சு வாங்குகிறேன். பிறகு எந்தத் தைரியத்தில் ஒப்படைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: பேச்சு வாங்குவதும் உங்கள் வேலையின் ஒரு பகுதிதான். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ஏவூர்தியின் முதல் பயணம் வங்கக் கடலில் முடிந்தபோது, திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாமைச் செய்தியாளர்கள்முன் தனியே நிறுத்தாமல், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே முன்வந்து பதில் சொன்னார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது, செய்தியாளர்களிடம் பேசக் கலாமை அனுப்பினார். பலரும் பலமுறை கேட்ட செய்திதான். ஆனால் இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு: வெளியே பழியைத் தலைவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்காக உள்ளே தோல்வியை யாரும் மூடி மறைக்கவில்லை, காரணங்கள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன. நீங்களும் நிர்வாகத்தின் முன் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, எந்த இடத்தில் முடிவு பிசகியது என்று அந்த இளைஞரோடு விரிவாகப் பேசுங்கள். எதை ஒப்படைப்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஷிப்டுக்கு ஆள் பிரித்துக் கொடுப்பதில் தவறு நேர்ந்தால் அன்றைக்கே சரிசெய்துவிடலாம், ஆகவே அதை ஒப்படைக்கலாம். இயந்திரப் பாதுகாப்பு தொடர்பான முடிவுகளை வைத்து யாருக்கும் பாடம் நடத்தக் கூடாது.

கேள்வி: இளையவர் ஒருவரை அருகில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால், "அவர் உங்கள் செல்லப்பிள்ளை" என்கிறார்கள். இதைப் பொருட்படுத்த வேண்டுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பொருட்படுத்தத்தான் வேண்டும். முறையான பயிற்சித் திட்டத்தில் யார் யாருக்குப் பயிற்சி என்பதற்குப் பட்டியல் இருக்கும். இதில் தேர்வு முழுவதும் உங்கள் மனத்தின் சாய்வைப் பொறுத்தது. அந்தச் சாய்வு நம்மைப் போன்றவர்கள் பக்கமே போகும்: நம் ஊர், நாம் படித்த கல்லூரி, வெளிப்படையாகச் சொன்னால் நம் சாதி. வழிகாட்டல் பெரும்பாலும் தேநீர்க் கடையிலும் இரவு நேரப் பயணங்களிலும் நடக்கும் அலுவலகங்களில் பெண்கள் அதற்குள் வரவே முடிவதில்லை. ஆகவே அதைப் பணி நேரத்துக்குள், எல்லோர் கண்ணிலும் படும்படி நடத்துங்கள். கடந்த சில மாதங்களில் கள வேலைக்கும் முக்கியமான கூட்டங்களுக்கும் யாரை அழைத்துச் சென்றீர்கள் என்று உங்கள் நாட்குறிப்பை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் உடன் பணிபுரிவோர் சொல்வதில் உண்மை இருக்கிறது; அடுத்த கூட்டத்துக்கு, இதுவரை ஒருமுறைகூட அழைத்துச் செல்லாதவரைக் கூப்பிடுங்கள்.