வந்தேறிப் பாசியைப் பாறைக்கரை எப்படித் தடுக்கிறது? (கேள்வி பதில்)

இன்று சர்காசம் மியூட்டிகம் எனும் பழுப்புக் கடற்பாசி. மண்டபம் பக்கம் கட்டக்கோரை என்கிறார்களே, அதே பேரினம். பிறப்பிடம் ஜப்பான் கடல். அது இங்கிலாந்துக்கு வந்தேறியதை 1973-ல் வைட் தீவில், பெம்பிரிட்ஜ் கரையில் கண்டுபிடித்தார்கள்.

கேள்வி (சவுத்தாம்ப்டன்): மேடம், இவ்வளவு வேகமாகப் பரவும் பாசி ஏன் எல்லாப் பாறையையும் பிடிக்கவில்லை?

ஒட்ட இடம் கிடைப்பதில்லை. பாசிக்கு மண் வேண்டாம். அதன் கரு விழுந்து பற்றிக்கொள்ளச் சிறிது வெற்றுப் பாறை வேண்டும். நல்ல கரையில் அது மிச்சமிருக்காது. பாறைமேல் பூசியதுபோல இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி, அதையொட்டிப் புல்தரை மாதிரி குட்டைப் பாசிகள். இதற்கிடையிலும் ஒரு கரு ஒட்டிவிட்டால், அடுத்த தடை நிழல். மேலே கெல்ப் எனும் பெரிய பழுப்புப் பாசியின் இலைகள் விரிந்து கிடந்தால் குஞ்சுப் பாசிக்கு வெயில் எட்டாது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துச் சான் ஹுவான் தீவுகளில் அடுக்கடுக்காகப் பாசிகளை அகற்றிப் பார்த்தார்கள். தரையொட்டிய அடுக்கு இடத்தை அடைக்கிறது, உயர்ந்த அடுக்கு வெளிச்சத்தை மறைக்கிறது என்று தெரிந்தது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த சோதனை இது.

கரையின் மேற்பகுதியைப் பற்றிக் கவலை வேண்டாம். நீர் வற்றினால் காய்வதை இந்தப் பாசி தாங்காது. போட்டியெல்லாம் பாறைக்குட்டைகளிலும் கீழ்க்கரையிலும்தான்.

கேள்வி (கோவை): பிடுங்கி எறிந்துவிடலாமே அக்கா?

வேண்டாம் தம்பி. இங்கிலாந்தில் 1970-களில் ஆட்களைத் திரட்டிப் பிடுங்கிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. ஒரே செடியில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டு, காற்றுப்பைகளும் உண்டு. கருவுள்ள கிளை ஒன்று மிதந்துபோனால் வேறொரு கரையில் குடியேறிவிடும். அதோடு, பிடுங்கும் கை பக்கத்துப் பாசியையும் உரிக்கும். உரிந்த பாறைதான் அடுத்த வந்தேறிக்கு வாசல்.

கேள்வி (ராமேஸ்வரம்): குருசடைத் தீவில் பரவிய கப்பாபைகஸ் எனும் வந்தேறிப் பாசி?

அது பவளத்திட்டு, வேறு கதை. பவளம் அறிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி (சென்னை): சூழலியலாளர் சார்லஸ் எல்டன் 1958-லேயே சொன்னதுதானே? இனங்கள் கூடினால் எதிர்ப்பும் கூடும். அடுக்கு கிடுக்கு எல்லாம் எதற்கு?

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதுதான் என் வாதம். பத்து இனமும் ஒரே உயரத்தில் வளர்ந்தால் இடத்தை மட்டும் அடைக்கும். வெளிச்சம் திறந்தே கிடக்கும்.

கேள்வி (கோவை, வேறொருவர்): வேரோடு வேண்டாம், கத்தரித்தால்?

அடி மீண்டும் துளிர்க்கும், வெட்டிய கிளை மிதக்கும். மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (சென்னை, மறுபடியும்): அப்படியானால் இனவளம் பயனற்றதா?

நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பாறைத்துண்டு அளவில் பார்த்தால் பல வகைப் பாசி இருப்பது தடுக்கிறது. முழுக் கடற்கரையாகப் பார்த்தால், உள்ளூர் இனம் செழிக்கும் இடத்திலேயே வந்தேறியும் செழிப்பதுண்டு, ஏனென்றால் நல்ல தண்ணீர் இரண்டுக்கும் நல்லது. எந்த அளவில் பேசுகிறோம் என்று சொல்லாமல் எல்டனை இழுத்தால் விவாதம் முடியாது.

டாஸ்மேனியாவைப் பாருங்கள். அங்கே உள்ளூர்ப் பெரும்பாசிகளை அகற்றிய திட்டுகளில் வகாமே எனும் உண்டாரியா, இன்னொரு வந்தேறிப் பாசி, குவிந்தது. பெரும்பாசி திரும்ப வளர்ந்து மூடியதும் அது ஒடுங்கிப்போனது.

கேள்வி (பிரைட்டன்): குழந்தைகளோடு கரைக்குப் போகிறோம். பாசியைப் பிடுங்காமல்...

பிடுங்க வேண்டாம், சுரண்ட வேண்டாம். கல்லைப் புரட்டினால், பாசி இருந்த பக்கம் மேலே இருக்கும்படி அதே இடத்தில் வைத்துவிடுங்கள்.