ஊரே சேந்து பஸ் கண்ணாடிக்கு காசு கட்டிட்டா கேஸ் முடிஞ்சிடுமா?

கேள்வி: சார் வணக்கம், நாங்க நீடாமங்கலம் பக்கம். டிபிசில, அதான் கவர்மென்ட் நெல் கொள்முதல் நிலையத்துல, ஈரப்பதம் ஜாஸ்தின்னு நெல்லை எடுக்காம போட்டுட்டாங்க, மழை வந்து மூட்டையெல்லாம் முளை விட்டுடுச்சு, ஊரே ரோட்டுல உக்காந்து மறியல் பண்ணுச்சு. அப்ப யாரோ கல்லை விட்டதுல கவர்மென்ட் பஸ் முன்கண்ணாடி உடைஞ்சுபோச்சு. எஃப்ஐஆர்ல 12 பேர் பேரு போட்டு 'மற்றும் பலர்'னு எழுதியிருக்காங்க. என் தம்பி பேரு அதுல இல்ல, ஆனா வாட்ஸ்அப்ல சுத்துற வீடியோல அவன் நிக்கிறது தெரியுது. ஸ்டேஷன்லேர்ந்து போன் பண்ணி வரச்சொல்றாங்க. ஒரு மா நிலத்துக்கு இவ்வளவுன்னு ஊர்ல வசூல் பண்ணி கண்ணாடிக்கு காசு கட்டிட்டா கேஸை முடிச்சுக்கலாம்னு பெரியவங்க சொல்றாங்க. தம்பி சிங்கப்பூர் போக ஏஜென்ட்கிட்ட பணம் கட்டியிருக்கான். என்ன பண்றதுன்னு தெரியல.

பதில்: முதல்ல அந்த வசூல் விஷயத்த சொல்லிடுறேன்மா, ஏன்னா அதுலதான் நீங்க எல்லாரும் சேந்து மாட்டப்போறீங்க. காசு கட்டினா கேஸ் முடியாது. இது ரெண்டு பங்காளி வரப்பு தகராறு மாதிரி ராஜியாகுற கேஸ் இல்ல. போட்டிருக்கிறது 1992ம் வருஷத்து தமிழ்நாடு பொதுச்சொத்து சேதம் தடுப்பு சட்டம், கோர்ட்ல நாங்க டிஎன்பிபிடி ஆக்ட்னு சொல்லுவோம், அதுல பிரிவு 3ன்னா குறைஞ்சது ஒரு வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில், கூடவே அபராதம். தீ வச்சிருந்தா பிரிவு 4, அது 10 வருஷம் வரைக்கும் போகும், நல்லவேளை உங்க ஊர்ல அந்த அளவுக்கு போகல. டெப்போ மேனேஜரோ இன்ஸ்பெக்டரோ நெனச்சாக்கூட இந்த கேஸை 'சரி விடு'ன்னு மூட முடியாது.

இதுல இன்னொரு கூத்து என்னன்னா, ஊர் சார்பா பணம் கட்டுறேன்னு போனா சும்மா வாங்கிக்க மாட்டாங்க, எழுதி கேப்பாங்க. 'எங்கள் ஊர்க்காரர்கள் உடைத்த கண்ணாடிக்கு'ன்னு ஒரு வரி எழுதி கீழ பத்து பேர் கையெழுத்து போட்டுட்டு வந்தா அந்த பேப்பரே நாளைக்கு உங்களுக்கு எதிரா கோர்ட்ல வந்து நிக்கும். நல்லது பண்றேன்னு போய் உள்ள போற கதைதான். பணம் கட்டணும்னா அதுக்கு இடம் இருக்கு, பெயில் போடுற இடம். இந்த மாதிரி கேஸ்ல சேதமான தொகையை டெபாசிட் பண்ணிட்டு வெளிய வான்னு கோர்ட்டே கண்டிஷன் போடுறது வழக்கம், சுப்ரீம் கோர்ட்டும் 2018ல கொடுங்கல்லூர் பிலிம் சொசைட்டி கேஸ்ல இதைத்தான் சொல்லுச்சு. அங்க கட்டும்போது 'குற்றத்தை ஒத்துக்கிட்டு கட்டல, வழக்கு முடிவுக்கு கட்டுப்பட்டு கட்டுறோம்'னு வக்கீல் மெமோல போட்டுடுவார். அதனால வசூல் பண்றத நிறுத்த வேணாம், பண்ணி யாராவது ஒருத்தர்கிட்ட பத்திரமா வச்சிருங்க, ஸ்டேஷன்லயோ டெப்போவுலயோ கொண்டுபோய் குடுக்காதீங்க.

சரி தம்பிக்கு வருவோம். எஃப்ஐஆர்ல பேரு இல்லன்னு நிம்மதியா இருக்காதீங்க, அந்த 'மற்றும் பலர்' இருக்கே அது காலி கட்டம், சார்ஜ் ஷீட் போடுற வரைக்கும் யார் பேரை வேணும்னாலும் அதுல நிரப்பலாம், வீடியோவ பாத்து ஒவ்வொருத்தரா சேப்பாங்க. ஆனா கூட்டத்துல நின்னாலே குற்றவாளின்னு சட்டம் சொல்லல. பிஎன்எஸ், அதான் பழைய ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம், அதோட பிரிவு 190படி அந்த கூட்டத்தோட பொது நோக்கத்துல அவனுக்கும் பங்கு இருந்துச்சுன்னு அவங்க நிரூபிக்கணும். நெல்லை எடுங்கன்னு ரோட்டுல உக்காந்தது வேற, பஸ்ஸை அடிச்சது வேற. உக்காந்ததுக்கு சட்டவிரோத கூட்டம்னு 189, வழிமறிச்சதுன்னு 126 வரும், அதெல்லாம் ஸ்டேஷன்லயே பெயில் குடுக்குற செக்‌ஷன். கண்ணாடிதான் பிரச்சனை. கல்லு எறிஞ்சது யாருன்னு வீடியோல தெரியுதா, தம்பி அப்ப எங்க நின்னான், கையில என்ன இருந்துச்சு, கண்ணாடி உடையிறதுக்கு முன்னாடி எடுத்த வீடியோவா அப்புறம் எடுத்ததா, இதுலதான் கேஸே இருக்கு. பயந்துகிட்டு போன்ல இருக்கிறத அழிச்சிடாதீங்க, அழிச்சா சாட்சியத்தை மறைச்சான்னு அது தனி தலைவலி, தவிர பல நேரம் நம்மள காப்பாத்துறதே அந்த முழு வீடியோதான், ஊர்ல சுத்துறது வெட்டின 20 செகண்டா இருக்கும்.

போன் பண்ணி வான்னா போகணும்னு கட்டாயம் இல்ல. 7 வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள கேஸ்ல எடுத்ததும் தூக்கிட்டுப்போய் அரெஸ்ட் காட்டக்கூடாது, பிஎன்எஸ்எஸ், அதான் பழைய சிஆர்பிசிக்கு பதிலா வந்த நடைமுறை சட்டம், அதோட பிரிவு 35(3)ல எழுத்துப்பூர்வமா நோட்டீஸ் குடுத்து கூப்பிடணும், அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்ல அனுப்பினா செல்லாதுன்னு 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. நோட்டீஸ் முறையா கைக்கு வந்தா வக்கீலோட போங்க, தட்டிக்கழிச்சா அதையே காரணமா வச்சு அரெஸ்ட் பண்ணுவாங்க. ஆனா ஏட்டில இருக்கிறது எல்லாம் நம்ம ஊர் ஸ்டேஷன்ல நடக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், அதனால இப்பவே திருவாரூர் செஷன்ஸ் கோர்ட்ல அதே பிஎன்எஸ்எஸ் பிரிவு 482ல முன்ஜாமீன் போட்டுடுங்க.

எஃப்ஐஆர் காப்பி எடுத்துட்டீங்கன்னா மூணு விஷயம் பாருங்க. புகார் குடுத்தது விஏஓவா டிரைவரா கண்டக்டரா. கண்ணாடிக்கு சேதமதிப்பு எவ்வளவுன்னு எழுதியிருக்கா, அதுக்கு டெப்போ இன்ஜினியர் சான்று இருக்கா, சும்மா ஒரு பெரிய தொகையை எழுதியிருந்தா குறுக்கு விசாரணைல பிடிக்கலாம், டெபாசிட் தொகையும் அதை வச்சுத்தான் வரும். மூணாவது முக்கியம், டிரைவருக்கு கண்ணாடி சில்லு பட்டு ஜிஹெச்ல ஏஆர் காப்பி, அதான் காயத்தை பதிவு பண்ற விபத்து பதிவேட்டு நகல், போட்டிருக்காங்களான்னு விசாரிங்க. போட்டிருந்தா அரசு ஊழியர தாக்கினதுன்னு 132 சேந்து வரும், அதுவும் ஸ்டேஷன்ல ஜாமீன் குடுக்க முடியாத செக்‌ஷன், கேஸோட முகமே மாறிடும்.

எலக்‌ஷன் வந்தா எல்லா கேஸையும் வாபஸ் வாங்கிடுவாங்கன்னு டீக்கடைல சொல்லுவாங்க. வாங்கியிருக்காங்க, இல்லன்னு சொல்லல, 2021ல மீத்தேன், வேளாண் சட்ட போராட்ட கேஸ் எல்லாம் வாபஸ்னு அறிவிச்சாங்க. ஆனா அதே வருஷம் பிப்ரவரில ஜல்லிக்கட்டு கேஸ்களை வாபஸ் வாங்குறப்ப போலீஸை அடிச்சது, வண்டிக்கு தீ வச்சது இதெல்லாம் தவிரன்னுதான் சொன்னாங்க. அறிவிச்சாலும் கோர்ட்ல அரசு வக்கீல் மனு போட்டு மாஜிஸ்திரேட் சம்மதிக்கணும். அதை நம்பி வாய்தாவுக்கு போகாம இருந்து பிடிவாரண்ட் வாங்கினவங்க நிறைய பேரு.

சிங்கப்பூர் விஷயம். வெறும் எஃப்ஐஆர் நிலைல இருக்கிறப்ப பாஸ்போர்ட் தரமாட்டேன்னு மறுக்க சட்டத்துல இடம் இல்ல, சார்ஜ் ஷீட்டை கோர்ட் கோப்புக்கு எடுத்தப்புறம்தான் கேஸ் நிலுவைன்னு கணக்கு, அப்பவும் கோர்ட்ல அனுமதி உத்தரவு வாங்கி போகலாம். ஆனா முன்ஜாமீன்ல தினம் காலைல பத்தரைக்கு ஸ்டேஷன்ல கையெழுத்துன்னு கண்டிஷன் வந்துட்டா அது தளர்ற வரைக்கும் டிக்கெட் போடாதீங்க. ஏஜென்ட்கிட்ட இப்பவே தேதிய தள்ளிக்க முடியுமான்னு கேளுங்க. எந்த ஃபார்ம்லயும் கேஸ் இருக்கான்னு கேட்டா இல்லன்னு பொய் எழுத வேணாம், கேஸை விட அந்த பொய்தான் பின்னாடி வேலைய காலி பண்ணும்.

செஷன்ஸ்ல முன்ஜாமீன் தள்ளுபடி ஆனா ஹைகோர்ட் போகணும். நீங்க திருவாரூர் மாவட்டம், உங்களுக்கு சென்னைதான். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரங்களுக்குத்தான் ஹைகோர்ட் மதுரை கிளை. தஞ்சாவூர் மாவட்டத்து அம்மாபேட்டை சொந்தக்காரர் மதுரைல போட்டு வாங்கினாருன்னு யாராவது சொன்னா அதை கேட்டுட்டு அங்க பஸ் ஏறிடாதீங்க.