ஆடிஷன் அனுப்பினேன், பதிலே இல்லை: குரல் வேலைத் தளங்கள் பற்றிக் கேள்வி பதில்

ஆன்லைன் குரல் வேலைத் தளங்களில் ஆடிஷனும் (கிளையன்ட் தரும் ஸ்கிரிப்டைப் பேசிக் காட்டும் பதிவு) டெமோவும் (நம் குரலின் மாதிரித் தொகுப்பு) அனுப்புவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எந்த மைக் வாங்கலாம் என்ற கேள்விகளை வேண்டுமென்றே ஒதுக்கினேன். நிறையப் பேர் அந்த ஆராய்ச்சியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

கேள்வி: அக்கா, இரண்டு மாதத்தில் நாற்பது ஆடிஷன் அனுப்பிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. என் குரல் சரியில்லையா?

குரலை இப்போதே பழி சொல்லாதீர்கள். தேர்வாகாதவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் பதில் எழுதுவதில்லை, அது இந்தத் தொழிலின் வழக்கம். கிளையன்ட் உங்கள் பதிவைக் கேட்டாரா என்று சில தளங்கள் காட்டும். அதைப் பாருங்கள். கேட்கவே இல்லை என்றால் நீங்கள் அனுப்புவதற்குள் வரிசை நீண்டிருக்கும். கேட்டுவிட்டு நகர்ந்திருக்கிறார் என்றால் சிக்கல் உங்கள் முதல் வரியில். அவர் முன்னால் ஒரு குவியலே கிடக்கிறது. முதல் சில விநாடிகளில் பிடிக்காவிட்டால் அடுத்ததுக்குப் போய்விடுவார்.

இன்னொன்று, அந்த நாற்பதில் உங்களுக்குப் பொருந்தியவை எத்தனை? ‘தாத்தா குரல் வேண்டும்’ என்று கேட்டவருக்கு இருபது வயதுக் குரலை அனுப்பினால் இருவருக்கும் நேரம் வீண்.

கேள்வி: ஸ்கிரிப்டில் ‘இயல்பாகப் பேசவும், விளம்பரம் போல வேண்டாம்’ என்று போடுகிறார்கள். நானும் இயல்பாகத்தான் படிக்கிறேன்...

படிக்கிறீர்கள், அதுதான் விஷயம். ‘உங்கள் கணக்கைத் திறக்க இரண்டே நிமிடம் போதும்’ என்று ஒரு வரி. மைக் முன்னால் நின்றதும் எல்லோரும் ‘இரண்டே’ மேல் ஏறி உட்கார்ந்து, ‘போதும்’ என்பதை இழுத்து முடிப்போம். உடனே அது அறிவிப்பாளர் குரலாகிவிடும். வரிக்கு முன்னால் மனதுக்குள் ஒரு கேள்வியைப் போட்டுக்கொள்ளுங்கள்: எதிரில் இருக்கும் தோழி, “ஐயோ, அதுக்கு ரொம்ப நேரம் ஆகுமே?” என்கிறாள். அவளுக்குப் பதிலாக அதே வரியைச் சொல்லிப் பாருங்கள். ‘இரண்டே’ தானாக லேசாகும், ‘போதும்’ கீழே இறங்கும். நான் அந்தக் கேள்வியை வாய்விட்டே சொல்லிவிட்டு, பிறகு எடிட்டில் வெட்டிவிடுவேன்.

இரண்டு டேக் (அதே வரிகளை இரண்டு விதமாகப் பேசிய பதிவு) அனுப்பலாம் என்றால் இரண்டும் நிஜமாகவே வேறுபட வேண்டும். ஒன்று கொஞ்சம் வேகம், ஒன்று கொஞ்சம் நிதானம் என்பது கேட்பவருக்கு ஒரே டேக்தான்.

கேள்வி: ஸ்கிரிப்ட் முழுவதையும் படித்து அனுப்ப வேண்டுமா?

நீளமானதென்றால் இருபது, முப்பது விநாடி போதும், அவர்களே முழுதாகக் கேட்டிருந்தால் தவிர. ஆடிஷன் பதிவையே சத்தமில்லாமல் பயன்படுத்திக்கொள்கிறவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால், அப்படியே பயன்படுத்த முடியாதபடி நடுவில் ஒரு சொல்லை மாற்றிப் பேசி அனுப்பலாம்.

கேள்வி: ஆரம்பத்தில் என் பெயரைச் சொல்லலாமா?

கேட்டால் மட்டும். இதற்கு ஸ்லேட் என்று பெயர். கேட்காதபோது அது உங்கள் முதல் மூன்று விநாடியைத் தின்றுவிடும். பெயரைக் கோப்பின் பெயரில் வையுங்கள், அவர்கள் சொன்ன வடிவத்திலேயே.

கேள்வி: டெமோ எவ்வளவு நீளம் இருக்கணும் சார்? என்னிடம் நான்கு நிமிடத்துக்கு இருக்கிறது.

(சார் இல்லை, அக்கா. பரவாயில்லை.) நான்கு நிமிடம் யாரும் கேட்க மாட்டார்கள். 60 முதல் 90 விநாடிக்குள் அடக்குங்கள். ஒவ்வொரு துண்டும் பத்து விநாடி அளவில் இருந்தால் சரி. உங்களுடைய ஆகச் சிறந்ததை முதலில் வையுங்கள், கடைசிக்குச் சேமிக்க வேண்டாம். விளம்பரம், இ-லேர்னிங், ஒலிப்புத்தகம், கதாபாத்திரம் எல்லாவற்றையும் ஒரே டெமோவில் கலக்காமல் தனித்தனியாக ஏற்றுங்கள். பாடம் சொல்ல ஆள் தேடுபவருக்கு உங்கள் பூதக் குரல் எதற்கு?

டெமோவில் பின்னணி இசை இருக்கலாம், ஆடிஷனில் கூடாது. செய்யாத விளம்பரத்தைச் செய்ததுபோலக் காட்டாதீர்கள். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதிப் பேசுவதில் எந்தத் தவறும் இல்லை.

கேள்வி: வீட்டில்தான் பதிவு செய்கிறேன். எவ்வளவு சுத்தமாக இருந்தால் போதும்?

பேசாத இடத்தைச் சத்தம் கூட்டிக் கேளுங்கள். என் முதல் ஆடிஷன்கள் எல்லாவற்றிலும் ஒரு மெல்லிய ‘ம்ம்ம்’ இருந்தது. பக்கத்து அறை ஃபிரிட்ஜ். அப்புறம் பதிவுக்கு முன் அதை அணைக்கப் பழகினேன், திரும்பப் போட மறந்து பால் கெட்டது. இப்போது வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுத்தான் அணைக்கிறேன். வெளியே கிளம்பும்போது தானாக நினைவு வந்துவிடும்.

எண்ணாக வேண்டுமென்றால் ஆடிபிளின் ஏசிஎக்ஸ் தளம் ஒலிப்புத்தகத்துக்குக் கேட்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: ஆர்எம்எஸ் (சராசரிச் சத்த அளவு) −23 முதல் −18 டெசிபல், உச்சம் −3ஐத் தாண்டக் கூடாது, பின்னணி இரைச்சல் −60க்குக் கீழே. இலவச ஆடாசிட்டி மென்பொருளிலேயே அளக்கலாம். இரைச்சலை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும். ஒரு கனமான போர்வையைத் தொங்கவிடுவது அதைவிட நல்லது.

கேள்வி: தொகை எப்படிச் சொல்வது?

எங்கே, எவ்வளவு காலம் ஒலிபரப்புவார்கள் என்று கேட்காமல் சொல்லாதீர்கள். அலுவலகத்துக்குள் காட்டும் காணொளியும் ஓராண்டு ஓடும் டிவி விளம்பரமும் ஒன்றல்ல. தளத்தின் பங்கையும் கணக்கில் சேருங்கள். ஃபைவர் தளம் 20% எடுத்துக்கொள்ளும். ‘நான் தவறாகப் பேசியதற்குத் திருத்தம் இலவசம், நீங்கள் ஸ்கிரிப்டை மாற்றினால் கட்டணம்’ என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். ஒப்பந்தத்தில் உங்கள் பதிவைச் செயற்கைக் குரல் தயாரிக்கவோ ஏஐ பயிற்சிக்கோ பயன்படுத்தலாம் என்ற வரி ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நீக்கச் சொல்லுங்கள், நீக்க மறுத்தால் அதற்குத் தனி விலை பேசுங்கள்.

யாராவது கூடுதலாகக் காசோலை அனுப்பி ‘மீதியை இன்னாருக்கு அனுப்பிவிடுங்கள்’ என்றால் மோசடி. யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: வேலை கிடைத்துவிட்டால் ஆடிஷன் கோப்பை அழித்துவிடலாமா?

கூடவே கூடாது. ‘ஆடிஷனில் பேசின மாதிரியே வேணும்’ என்பார்கள். ஒரு வாரம் கழித்து எப்படிப் பேசினோம் என்பது மறந்துபோயிருக்கும். கோப்போடு மைக்குக்கும் வாய்க்கும் இருந்த தூரம், கெயின் (மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்) அளவு இரண்டையும் குறித்து வையுங்கள். என் அறையில் ஸ்டாண்டின் மூன்று கால்களும் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டியிருக்கிறேன்.