தெருவோரம் நிறுத்தி நிறுத்தி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எழுபதுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் ஒஸ்ரின் ஏ-40 காரில் வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குப் போய்வருவோம். முழு நாளும் போகும். இப்போது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏ-9 தெருவில் ஏறினால் மூச்சுவிட முதல் கிளிநொச்சி வந்துவிடுகிறது. அவர்கள் கைபேசியிலிருந்து தலை நிமிர்த்துவதில்லை. அந்த ஓட்டத்தை இனிக் கொடுக்க முடியுமா? - வாசகர், வைரவபுளியங்குளம்

பதில்: முடியும். ஆனால் அது ஏன் மெதுவாக இருந்தது என்று முதலில் பாருங்கள். ஏ-40இன் 1200 சீசீ எஞ்சின் ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வெயிலில் ஓடினால் றேடியேற்றர் கொதிக்கும். குளக்கட்டடியில் நிறுத்தி, பொனற்றைத் திறந்துவிட்டு, அரை மணித்தியாலம் ஆறவிட்டே ஆக வேண்டும். நீங்கள் நாவற்பழம் பொறுக்கியதும் அலைகரையில் மீன் பார்த்ததும் அந்த அரை மணித்தியாலத்தில்தான். இன்றைய வாகனம் தானாக நிற்காது. எனவே எங்கே நிற்பது என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துவிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று இடம் போதும், ஒவ்வொன்றிலும் முக்கால் மணித்தியாலம். ஐந்து இடம் போட்டால் அது சுற்றுலாப் பஸ்தான்.

ஏ-9ஐப் புளியங்குளத்தோடு விட்டுவிடுங்கள். வலப்பக்கம் திரும்பினால் நெடுங்கேணி, அங்கிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை, முல்லைத்தீவு. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் கோவிலில் முதல் நிற்பு. முத்தையன்கட்டுக் குளம் இரண்டாவது. மூன்றாவது வற்றாப்பளை அம்மன் கோவில், நந்திக்கடல் ஓரத்துக் காற்றில் மத்தியானச் சாப்பாட்டை வைத்துக்கொள்ளலாம். வைகாசிப் பொங்கல் நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் ஆறுதலான ஓட்டத்துக்கு உதவாது, சனம் நெருக்கும். திரும்பும்போது ஏ-34 வழியாக மாங்குளத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர், பிறகு ஏ-9.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்காமல் ஊர் திரும்ப மனம் வராது என்றால், புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன் என்று ஏ-35இல் சுற்றி வாருங்கள். தூரம் கூடும், அப்படியானால் முத்தையன்கட்டை விட்டுவிடுங்கள்.

கிளைத்தெருவில் மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடுங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டால் அந்த வேகத்தில் வாய்க்கால் கட்டில் வெயில் காயும் உடும்பு தெரியும், வயலுக்குள் மயில் தெரியும். 70இல் வெறும் பச்சைதான். பின்னால் யாரும் வந்தால் இடப்பக்கம் ஒதுங்கி விட்டுவிடுங்கள். ஏ-9இல் மட்டும் 40இல் ஊராதீர்கள், பின்னால் வரும் பஸ்காரன் பொறுக்கமாட்டான்.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். குளக்கட்டு, கோவில் வீதி, ஆட்கள் நடந்து தேய்ந்த பாதை தவிர வேறெங்கும் பிள்ளைகளை இறங்கவிடாதீர்கள். மிதிவெடி அகற்றி முடியாத துண்டுகள் இன்னும் உண்டு. சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெல்லாம் சுத்தமான இடமல்ல. மாரி வெள்ளம் வெடிபொருளை இடம்மாற்றியும் விடும். சிறுநீர் கழிக்கக்கூடப் பற்றைக்குள் போக விடவேண்டாம்.

கேள்வி: கொட்டிலில் நாலு வருடமாக நிற்கும் ஏ-40ஐ எடுத்து ஒரு நாள் ஓடலாமா? - வாசகர், கனகராயன்குளம்

பதில்: ஒரு நாள் ஓட ஒரு கிழமை வேலை இருக்கிறது. முதலில் தாங்கியில் உள்ள பெற்றோல் முழுவதையும் இறக்குங்கள். நாட்பட்ட பெற்றோல் பிசினாகி காபுரேற்றர் ஜெற்றின் துவாரத்தை அடைக்கும். எஞ்சின் ஸ்ராட் ஆகும், மேடு ஏறும்போது இருமி நிற்கும். தாங்கியின் அடியில் துருத்தூள் இருந்தால் கழுவி, வழியில் ஒரு பில்ரரும் போடுங்கள்.

அடுத்தது பிறேக். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அதனால் சிலிண்டர் துருப்பிடிக்கும், றப்பர் வாசர் காய்ந்து ஒழுகும். எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டுப் புறப்படுவதுதான் வழக்கமான பிழை: முதல் நாள் மிதி இறுக்கமாக இருக்கும், மூன்றாம் நாள் தரையோடு போகும். நாலு சில்லையும் கழற்றி வாசர்களைப் புதிதாகப் போடுங்கள். ரயரில் பூ முழுதாக இருந்தாலும் பக்கச்சுவரில் மயிர்வெடிப்புக் கண்டால் மாற்றுங்கள், வெடிப்பது பக்கச்சுவர்தான். ஃபான் பெல்ற்றைப் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும்.

தெருவில் கொதித்துவிட்டால் றேடியேற்றர் மூடியில் கை வைக்காதீர்கள். அரை மணித்தியாலம் கழித்து, தடித்த துணி போட்டு, முதலில் கால்வாசி திருப்பி ஆவியை விடுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டபடி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சுட்ட இரும்பில் குளிர்தண்ணீரை ஒரேயடியாகக் கவிழ்த்தால் ஹெட் வெடிக்கும். 5 லீற்றர் கான் இரண்டு பின்னால் இருக்கட்டும். தண்ணீர் சரியாக இருந்தும் நடுவெயிலில் எஞ்சின் நின்றால், குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகி அடைத்திருக்கும். பெற்றோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிடம் விடுங்கள், எடுபடும்.

கேள்வி: தடைக் காலத்தில் கார் மண்ணெண்ணெயில் ஓடியது என்றால் என் மகன் சிரிக்கிறான். - வாசகி, மல்லாவி

பதில்: சிரிக்கட்டும், ஓடியது உண்மை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் வன்னிக்குள் பெற்றோல் வருவது நின்றபோது பழைய ஏ-40, மொறிஸ் மைனர்களே கைகொடுத்தன. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் காபுரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூடு குறைந்தால் நின்றுவிடும், பிறகு மறுபடி சொட்டு. இந்த எஞ்சின்களின் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று அளவில்தான், அதனால் தாங்கின. இன்றைய கூடிய அழுத்த எஞ்சினில் செய்தால் தட்டல் வந்து பிஸ்ரன் போய்விடும். அன்றும் சும்மா போகவில்லை: எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து எஞ்சின் எண்ணெயைக் கரைத்தது, பெயாரிங் தேய்ந்தது. கரும்புகையும் நாற்றமும் வேறு. அப்படி ஓடிய காரை இன்று வாங்குகிறவர்கள் முதலில் எண்ணெய் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: அம்மம்மா கட்டித் தரும் கட்டுச்சோறு பின்னேரம் வரை கெடாது. நான் கட்டினால் மத்தியானமே புளித்துவிடுகிறது. - வாசகி, தர்மபுரம்

பதில்: சோற்றைச் சூட்டோடு கட்டுகிறீர்கள். ஆவி இலைக்குள் தண்ணீராகி இறங்கினால் புளிக்கத்தான் செய்யும். அரைக் கிலோ புழுங்கலரிசியைப் பருக்கையாக வடித்து, சுளகிலோ அகன்ற தட்டிலோ பரப்பி முழுதாக ஆறவிடுங்கள். 40 கிராம் பழப்புளியைக் கெட்டியாகக் கரைத்து, 4 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, செத்தல்மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, உப்பும் மஞ்சளும் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை வற்றவிடுங்கள். அதுவும் ஆறிய பிறகே பிசைய வேண்டும். தேங்காய்ப்பூ, வெங்காயம் வேண்டாம். முதலில் கெடுவது அவைதான். வாழையிலையைத் தணலில் வாட்டி ஈரம் துடைத்துக் கட்டுங்கள். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய். சம்பல் கட்டாயம் வேண்டுமென்றால் தேங்காயைப் பொன்னிறமாக வறுத்து இடித்த சம்பல்.

கேள்வி: பாலைப்பழம் எப்போது, எங்கே கிடைக்கும்? - வாசகர், கொழும்பு

பதில்: வைகாசி, ஆனி. தெருவோரம் விற்பவர்களிடம் வாங்குங்கள், காட்டுக்குள் போக வேண்டாம். கரடிக்கும் அந்தப் பழம் பிடிக்கும். கொப்போடு முறித்து விற்பவர்களிடம் வாங்காமல் விட்டால் மரத்துக்கு நல்லது. பால் உதட்டில் ஒட்டும், தேங்காயெண்ணெய் தடவினால் போகும்.

கேள்வி: பின்னேரம் தெருவில் யானை நின்றால்? - வாசகர், செட்டிகுளம்

பதில்: ஐந்தரைக்கு முன் பிரதான தெருவுக்கு வந்துவிடுங்கள், பெரும்பாலும் சந்திக்க வராது. சந்தித்தால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் வேண்டாம், லைற்றைத் தாழ்த்துங்கள், எஞ்சினை நிறுத்த வேண்டாம். அது காதை விரித்து உங்கள் பக்கம் திரும்பினால் மெதுவாகப் பின்னுக்கு எடுங்கள். குட்டி கடந்துவிட்டதென்று உடனே முன்னேறாதீர்கள். பின்னால் இன்னும் வரும். பழம் எறிந்து பழக்காதீர்கள். அப்படிப் பழகிய யானைதான் பிறகு வாகனத்தை மறிக்கும்.

கேள்வி: மகளுக்குக் கார் ஏறினால் வாந்தி. - வாசகி, பூநகரி

பதில்: வெறுவயிற்றோடு ஏற்றாதீர்கள், வயிறு நிறையவும் வேண்டாம், இரண்டு இடியப்பம் போதும். பின்சீற்றின் நடுவில், முன்கண்ணாடியால் தெரு தெரியும்படி பட்டி போட்டு இருத்தி, கைபேசியை வாங்கிவிடுங்கள். ஒரு பொலித்தீன் பை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.