பெங்களூர்த் தொட்டியும் நம் ஊர்க் கலயமும்

கேள்வி: பெங்களூரில் ஒரு சிறிய பீர் ஆலைக்கு நண்பர்களோடு போயிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொட்டியில் பீர் நொதிக்கிறது, இந்தப் பக்கம் நாங்கள் உட்கார்ந்து சின்னக் கிளாஸில் நாலைந்து வகை ருசி பார்த்தோம். தயாரிக்கிறவரே வந்து விளக்கினார். இவ்வளவு சுற்றுலாப் பயணிகள் வருகிற குமரி மாவட்டத்தில் பீரும் சாராயமும் இப்படி நயமாகத் தயாரித்துக் கொடுக்கிற இடம் ஒன்று வரக்கூடாதா? சொல்லிக்கொள்ள நமக்கென்று ஒரு பானம்கூட இல்லையே! (வாசகர், தக்கலை)

பதில்: கடைசி வரியைப் படித்ததும் வருத்தமாகிவிட்டது. தக்கலையில் இருந்துகொண்டு அக்கானியை, அதுதான் பதநீரை, மறந்துவிட்டீர்களே!

உங்கள் கடிதத்தையே திரும்பப் படித்துப் பாருங்கள். பீரின் ருசி எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. செய்கிற இடத்திலேயே உட்கார்ந்ததும், செய்கிறவர் வாயால் கேட்டதும்தான் உங்கள் மனதில் நின்றிருக்கின்றன. அதுதான் வேண்டுமென்றால் கருங்கல் பக்கமோ திங்கள்சந்தை பக்கமோ போங்கள். செங்கல் சூளைக்குப் போனது போக, பனை மிச்சமிருக்கிற ஏதாவது ஒரு விளைக்கு (தோப்புக்கு), கோடையில், விடிவதற்கு முன்னால்.

பீர் தயாரிக்கிறவர் படுகிற பாட்டில் பாதியைப் பனையே செய்து முடித்திருக்கும். பார்லியில் இருப்பது மாவுச்சத்து. அதை முளைகட்டி, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையாக்கினால்தான் ஈஸ்ட் அதைத் தின்னும். பாளையிலிருந்து சொட்டுவதோ ஏற்கெனவே சர்க்கரை நீர். ஈஸ்டையும் யாரும் போட வேண்டாம், காற்றிலும் பழைய கலயத்திலும் இருப்பதே போதும். சொட்டத் தொடங்கியதுமே நொதிக்கவும் தொடங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் பனையேறி கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார். தடவினால் அக்கானி, தடவாவிட்டால் கள். எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் இதைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கைகூப்பத் தோன்றுகிறது.

கள் காலையில் இனிக்கும், மாலையில் கடுக்கும், அப்புறம் காடியாகிவிடும். பீரைப் புட்டியில் அடைத்துக் கடல் தாண்டி அனுப்பலாம். கள்ளை அதன் ருசி மாறாமல் குடிக்க வேண்டுமென்றால் மரத்தடிக்குத்தான் வர வேண்டும். பெங்களூரில் நீங்கள் வியந்த ஏற்பாடு பனங்காட்டில் வேறு வழியில்லாமலே இருந்தது.

இருந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் உரிமத்தோடு கள்ளுக்கடை நடக்கிறது. 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மாநிலம்! அரசுக் கடையில் ஆலைச் சரக்கு வாங்கலாம், பனையேறி கள் இறக்கினால் வழக்கு. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். அன்றன்றைக்கு இறக்கியதை மரத்தடியிலேயே விற்க மட்டும் அவருக்கு உரிமம் கொடுக்கலாம். அரசாங்கம் அவரை நெருக்குவது புதிதல்ல. கொல்லம் பக்கத்து வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் 849-இல் ஒரு கிறித்தவப் பள்ளிக்குக் கொடுத்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் ஏணிக்காணம், தளைக்காணம் என்ற வரிகளை நீக்கிய செய்தி வருகிறது. ஏறுகிற ஏணிக்கும் காலில் மாட்டுகிற தளைக்கும்கூட வரி இருந்திருக்கிறது. சட்டம் மாறுகிறவரை யாரிடமும் கள் கேட்டு நச்சரிக்காதீர்கள். நீங்கள் காரில் திரும்பிவிடுவீர்கள், வழக்கு அவர் தலையில் விழும்.

சாராயக் கூடத்துக்கு என் ஆதரவு இல்லை. கோவாவில் முந்திரிப் பழத்தில் வடிக்கிற ஃபெனிச் சாராயத்துக்கு 2009-இல் புவிசார் குறியீடே கிடைத்தது, தெரியும். ஆனால் கள்ளச்சாராயத்தைக் குறிக்கும் ‘வாற்று’ என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்குகிற பெண்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைப் பரிந்துரைக்க முடியாது.

அக்கானிக்கு வருவோம். அறுபது அடி உயரத்தில், காலையும் மாலையும், மரம் மரமாக ஏறி ஒருவர் பாளையைச் சீவுகிறார். கீழே அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. அக்கானி கொதித்து, நுரைத்து, கூப்பனி என்கிற பாகாக இறுகி, சிரட்டையில் விழுந்து கருப்பட்டியாகிறது. பதம் பார்ப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். ஒரு நிமிடம் பிந்தினால் அத்தனை உழைப்பும் கருகிப்போகும். இந்தப் புகையில் கண் எரிய நிற்கிறவரிடம் எத்தனை பேர் போய் ‘இது எப்படிச் செய்கிறீர்கள்?’ என்று கேட்டிருக்கிறோம்?

நீங்கள் போய்க் கேளுங்கள். அவர் மரத்தில் இருக்கும்போது கீழே நின்று கூப்பிட வேண்டாம், இறங்கட்டும். ஓலைப்பட்டையில் ஊற்றித் தந்தால் அங்கேயே நின்று குடியுங்கள். கருப்பட்டி வாங்கும்போது விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். பெங்களூரில் பில் வந்தபோது நீங்கள் பேரம் பேசியிருக்க மாட்டீர்கள்.