பையன் மிட்ஃபீல்டர் ஆகணும் என்கிறான், ஏஜென்ட் பணம் கேட்கிறார்: ஒரு அப்பாவுக்குப் பதில்

வணக்கம் சார். பத்தாவது படிக்கிற மகன் கால்பந்துதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், ஐரோப்பாவில் ஒரு கிளப்பில் சேர்த்துவிடுகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்று ஒருவர் வந்து நிற்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், பணம் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நைஜீரியக் கால்பந்து வீரர் வில்ஃபிரட் என்டிடியை எடுத்துக்கொள்ளுங்கள். லாகோஸில் ராணுவக் குடியிருப்பில் வளர்ந்தவர். அப்பா ராணுவத்தில் இருந்தவர், மகன் பந்து பின்னால் ஓடுவது அவருக்கும் பிடிக்கவில்லை, படிக்கட்டும் என்றுதான் நினைத்தார். பையன் உள்ளூரில் நாத் பாய்ஸ் அகாடமியில் ஆடிக்கொண்டிருந்தார். பிறந்தது 1996 டிசம்பர், பெல்ஜியத்தின் கெங்க் கிளப்புக்குப் போனது 2015 ஜனவரி. அதாவது 18 முடிந்த அடுத்த மாதமே. ஏன் அதுவரை காத்திருந்தார்கள்? 18 வயதுக்குள் இருக்கும் ஆட்டக்காரரை வேறு நாட்டு கிளப்புக்கு மாற்ற, உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவின் விதி அனுமதிப்பதில்லை. பெற்றோரே தங்கள் வேலைக்காகக் குடிபெயர்வது மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. உங்கள் மகனுக்கு 15 வயது. அப்படியானால் அந்த நபர் எதை வைத்து வாக்குக் கொடுக்கிறார்?

இன்னொன்று, இந்தத் தொழிலில் பணம் பெற்றோரிடமிருந்து போகாது. ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு விலைக்குப் போனால், அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்படும். திறமையான பையன் என்றால் கிளப்பே செலவு செய்யக் காரணம் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை விற்று இப்படிப் பணம் கொடுத்து, பிள்ளைகள் விசா முடிந்து தெரியாத ஊரில் கைவிடப்பட்டிருக்கிறார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

சரி, படிப்பு? என்டிடி தடுப்பாட்டக்காரராகப் போய், கெங்க்கில் மிட்ஃபீல்டர், அதாவது நடுக்கள ஆட்டக்காரர் ஆனார். 2017 ஜனவரியில் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கிளப் வாங்கியது, 2017-18 பருவத்தில் அந்நாட்டின் உச்ச லீகான பிரீமியர் லீகிலேயே அதிக டேக்கிள் (எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது) அவருடையது. அவ்வளவு சம்பாதிக்கிற நேரத்தில், 2019-ல், லெஸ்டரிலேயே டி மோன்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மை படிக்கச் சேர்ந்தார். சில மாதங்களில் முழங்காலில் அறுவை சிகிச்சை. 2023-ல் அணியே கீழ்நிலை லீகுக்கு இறங்கியது. உச்சத்தில் இருப்பவருக்கே ஆட்டம் இப்படித்தான் ஏறி இறங்கும், அதனால் படிப்பை இப்போதே விட்டுவிடு என்று எந்தப் பயிற்சியாளர் சொன்னாலும் கேட்காதீர்கள். காலையும் மாலையும் ஆடட்டும், பதினொன்றில் பயிற்சிக்கு நேரம் விடுகிற பாடப்பிரிவாகப் பார்த்துச் சேருங்கள், அவனைத் திட்டி நிறுத்த மட்டும் வேண்டாம்.

அந்த ஏஜென்டிடம் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், உரிமம் உள்ளவர்களின் பட்டியல் ஃபிஃபா இணையதளத்திலேயே இருக்கிறது. கிளப்பின் அழைப்புக் கடிதம் என்று எதையாவது காட்டினால், அதில் இருக்கும் எண்ணுக்குப் பேசாதீர்கள், கிளப்பின் சொந்த இணையதளத்தில் முகவரி எடுத்து நீங்களே எழுதிக் கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.