தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் இருக்கும் நண்பனைப் போய்ப் பார்க்கத்தான் வேண்டுமா?

விபத்தில் தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடக்கும் நண்பனைப் பார்க்கப் போக வேண்டுமா, போனாலும் அவனுக்குத் தெரியப்போவதில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்பதைத்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது. போங்கள் என்பதே என் பதில். நான் மருத்துவன் அல்லன்; ஐசியூ வாசலில் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

என் நண்பன் விருதுநகருக்கும் சாத்தூருக்கும் இடையே நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்திலிருந்து தூக்கியெறியப்பட்டான். தலைக்கவசம் இருந்தது, தாடைப் பட்டையை மாட்டாததால் அவன் விழுவதற்கு முன்பே அது கழன்று போயிற்று. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தபோது ஜிசிஎஸ் 7 என்று எழுதினார்கள். ஒருவருக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்று பார்க்கக் கிளாஸ்கோ மருத்துவர்கள் இருவர் 1974-இல் கொண்டுவந்த அளவு அது; இப்போது கண் திறப்பதற்கு அதிகபட்சம் 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என்று மொத்தம் 15 மதிப்பெண். 15-க்கு 7 என்றால் ஏறக்குறையப் பாதி தேறுகிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். எந்த அசைவும் இல்லாதவருக்கும் 3 உண்டு, அதற்குக் கீழே எண்ணே கிடையாது என்பது அன்றிரவுதான் எனக்குத் தெரிந்தது.

அங்கே காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் பார்வை நேரம். ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு பாஸ். முதல் நாள் அவன் மனைவி தன் முறையை விட்டுக்கொடுத்துப் பாஸை என் கையில் கொடுத்தாள். செருப்பைக் கழற்றினேன், கைக்கு மருந்து தேய்த்தேன், கதவுக் கண்ணாடி வழியே வீங்கிக் கறுத்த ஒரு முகத்தைப் பார்த்தேன், அப்படியே திரும்பிவிட்டேன். “பாத்தீங்களாண்ணே?” என்று கேட்டவளிடம், “பாத்தேன்மா, தூங்குறான்” என்று சொன்னேன். அந்தப் பொய்க்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

மறுநாள் உள்ளே போனேன். தலையை மழித்திருந்தார்கள். வாயில் வென்டிலேட்டர் குழாய், மூக்கில் உணவுக் குழாய், படுக்கையோரத்தில் சிறுநீர்ப் பை; குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் அருகே குனிந்தபோது சிஸ்டர், “சார், அந்தப் பக்கம் போன் கிடையாது, தொடாதீங்க” என்றார். நான் அவசரமாகக் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டேன். அவர் சொன்னது ஆங்கில ‘bone’, எலும்பை. மூளை வீக்கத்துக்கு இடம் கொடுப்பதற்காக மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து அவன் வயிற்றுத் தோலுக்கு அடியில் பத்திரப்படுத்தியிருந்தார்கள்; தலைக் கட்டின் மேல் பேனாவால் அதை எழுதியும் வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக யாரும் என்னைத் திட்ட வேண்டாம். அதற்குப் பிறகுதான் என்னால் வாய் திறக்க முடிந்தது.

என்ன பேசுவது என்பதையும் அந்தச் சிஸ்டரே சொல்லிக்கொடுத்தார். யார் வந்திருக்கிறோம், இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், குழாய் எதற்காக என்று வழக்கமான குரலில் சொல்ல வேண்டும். தலைமாட்டில் நின்று அழக் கூடாது, “பிழைப்பானா” என்று மருத்துவரிடம் அங்கேயே கேட்கவும் கூடாது. மயக்க மருந்தின் அளவு கூடும் குறையும், எந்த நேரத்தில் எவ்வளவு காதில் விழும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார். தினமும் போய்க் கிழமை சொன்னேன், தேநீர்க் கடைக் கணக்கைச் சொன்னேன். சளியோ காய்ச்சலோ இருந்த இரண்டு நாள் மட்டும் வெளியிலேயே நின்றேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொந்தக்காரர்களைப் பழிப்பதாக நினைக்க வேண்டாம். ஒருநாள் மாலை ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் ஐந்து பேரோடு வந்து, பாஸை வாங்கி ஒருவர் மாற்றி ஒருவராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள், நேரம் முடிந்துவிட்டது. அன்று முழுவதும் காத்திருந்த மனைவிக்கு அவனைப் பார்க்கக் கிடைக்கவில்லை. போகும்போது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டுப் போனார்கள், மூக்குக் குழாயில் கஞ்சி போகிறவனுக்கு! ஆகவே பாஸை வாங்குவதற்கு முன் வீட்டாரைக் கேளுங்கள். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கான தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மருந்துச் சீட்டோடும் ஓட ஓர் ஆள் வேண்டியிருக்கும். இரவில் அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்தால் அவர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டாவது வருவார்கள்.

நண்பன் பிழைத்தான், இப்போது நடக்கிறான். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று நான் சொல்ல வரவில்லை. நான் பேசியதில் ஒரு சொல்லும் அவனுக்கு நினைவில்லை. விருதுநகர் ரயில் நிலையத்தில் யாரோ தன்னைக் கட்டிப்போட்டிருந்ததாகவும், நான் தினமும் டிக்கெட் பரிசோதகராக வந்து கிழமையை மட்டும் சொல்லிவிட்டுப் போனதாகவும் ஒரு நினைவு இருக்கிறது. “வந்தவன் கட்டை அவிழ்த்துவிட்டிருக்கலாமேடா” என்று இன்றைக்கும் சண்டைக்கு வருகிறான்.